உத்ரார்: ஒரு முற்றுகையும் அதற்கு முந்திய குற்றமும்

மங்கோலியர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோரின் எண்ணம் ஹிஜ்ரி 656ஆம் ஆண்டின் (கி.பி. 1258) பக்தாதுக்கே சென்று நிற்கிறது. கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டதையும், தஜ்லா நதிக்கரையில் ஒரு நாகரிகத்தின் தலைநகர் பாழானதையும் நாம் மேடைகளிலும் ஏடுகளிலும் திரும்பத் திரும்பக் கேட்டும் படித்தும் வந்திருக்கிறோம். ஆயினும் அந்தப் பேரழிவின் முதல் அத்தியாயம் பக்தாதில் எழுதப்படவில்லை. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், மத்திய ஆசியப் புல்வெளியின் விளிம்பில் நின்ற உத்ரார் எனும் எல்லைக்கோட்டையின் வாயிலில் அது எழுதப்பட்டது. அதை எழுதிய முதற்கை மங்கோலியரின் கையும் அன்று. இதனை ஏற்றுக்கொள்வது நமக்கு எளிதாக இல்லை. அதனாலேயே உத்ராரின் கதை நம்மிடையே அரைகுறையாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது போலும்.

சைஹூன் கரைக் காவல்

இன்றைய கஸக்ஸ்தானின் தென்பகுதியில், அரபியர் சைஹூன் என்றழைத்த சிர் தர்யாவுடன் அரீஸ் ஆறு கலக்கும் இடத்திற்கு அருகில் உத்ரார் அமைந்திருந்தது. ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி வயல்களும் தோட்டங்களும் செழித்த பசுந்திட்டு அது. அதற்கு வடக்கே கிப்சாக் துருக்கியரின் எல்லையற்ற புல்வெளி; தெற்கே சிவப்பு மணற்பாலைவனம். புல்வெளியின் குதிரையும் தோலும் கம்பளியும் இங்கே வந்து, நகரங்களின் துணியும் தானியமும் உலோகமும் இங்கிருந்து சென்றன. சீனத்துப் பாதையும் இவ்வழியே சென்றது. எனவே இது காவற்கோட்டை மட்டுமன்று. சந்தையும் சுங்கமும் நாணயசாலையும் கொண்ட நகரமுமாகும்.

பழைய அரபு நூல்கள் இவ்வட்டாரத்தை ஃபாராப் எனக் குறிப்பிடுகின்றன. அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த 'இரண்டாம் ஆசான்' எனப் போற்றப்பட்ட மெய்யியலாளர் அபூ நஸ்ர் அல்ஃபாராபி (மறைவு ஹிஜ்ரி 339/கி.பி. 950) இம்மண்ணின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். அரபு அகராதிக் கலையின் தூண்களுள் ஒன்றான 'அஸ்ஸிஹாஹ்' நூலை இயற்றிய அல்ஜவ்ஹரியும் ஃபாராப்காரரே. அரபு மொழியின் தூய சொற்களைத் தொகுத்தவர் துருக்கியப் புல்வெளியின் ஓரத்தில் பிறந்தவர் என்பதை எண்ணும்போது, 'எல்லை' என்ற சொல் அறிவுலகில் எத்துணைப் பொருளற்றது எனத் தோன்றுகிறது.

அரசியலில் நிலைமை வேறு. ஏறத்தாழ 1210இல்தான் உத்ரார் குவாரிஸ்ம் ஷா அலாவுத்தீன் முஹம்மதின் ஆளுகைக்குள் வந்தது. அந்தக் கைப்பற்றல் மென்மையானதாக இல்லை. உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் உயிரிழந்தனர். இதன் விளைவைப் பின்னர் காண்போம். புதிய ஆளுநராக அமர்த்தப்பட்டவர் இனால்ஜுக். காயிர் கான் என்ற பட்டத்தால் அறியப்பட்ட இவர், சுல்தானின் தாயார் தெர்கென் காத்தூனின் நெருங்கிய உறவினர். அரசவையில் மகனுக்கு நிகரான அதிகாரம் செலுத்திய அம்மையாரின் குலத்தவரே சுல்தானின் படைத்தலைவர்களுள் பெரும்பாலோர். ஈரானிலிருந்து சைஹூன் வரை பரந்து கிடந்த பேரரசின் உள்ளே இப்படியொரு விரிசல் இருந்தது. போதாக்குறைக்கு, பக்தாதின் கலீஃபா நாஸிரோடு பகைகொண்டு 1217இல் அவர்மீதே படை நடத்திய சுல்தான், மலைப்பனியில் சிக்கிப் பாதி வழியில் திரும்பியிருந்தார்.

வணிகக் கூட்டம்

செங்கிஸ்கான் அப்போது வட சீனத்தின் ஜின் அரசோடு நெடும்போரில் ஈடுபட்டிருந்தார். மேற்கே இன்னொரு போரை அவர் அந்நேரத்தில் விரும்பவில்லை எனக் கருதும் ஆய்வாளர் பலர். அவருடைய தூதர்களாக 1218இல் சுல்தானிடம் வந்த மூவரும் முஸ்லிம்களே: குவாரிஸ்ம்காரரான மஹ்மூது, புகாராவைச் சேர்ந்த அலீ குவாஜா, உத்ராரைச் சேர்ந்த யூசுஃப் கன்கா. செங்கிஸ்கான் தம்மை 'மகனுக்கு ஒப்பானவர்' எனக் குறித்தது சுல்தானுக்குச் சினமூட்டியதாயினும், வணிக உடன்பாடு ஏற்பட்டது.

அதன்பின் வந்ததுதான் அந்தக் கூட்டம். ஜுவைனி அதில் 450 முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார். தில்லியிலிருந்து எழுதிய ஜூஸ்ஜானி பொன், வெள்ளி, பட்டு ஏற்றிய 500 ஒட்டகங்களைக் குறிப்பிடுகிறார். நஸவியோ நான்கு வணிகர்களின் பெயர்களையே தருகிறார்: உமர் குவாஜா உத்ராரி, ஜம்மால் மராகி, ஃபக்ருத்தீன் புகாரி, அமீனுத்தீன் ஹரவி. முதற்பெயரை நோக்குக. உமர் குவாஜா உத்ராருக்கு வந்த அயலாரல்லர். சொந்த ஊருக்குத் திரும்பியவர்.

கூட்டம் தடுத்து வைக்கப்பட்டது; சரக்குகள் பறிக்கப்பட்டன; வணிகர்கள் கொல்லப்பட்டனர். ஏன் என்ற வினாவுக்கு நூல்கள் ஒரே விடையைத் தரவில்லை. கூட்டத்திலிருந்த இந்தியர் ஒருவர் ஆளுநரை முன்பே அறிந்தவராதலின், 'கான்' எனும் பட்டத்தைச் சேர்க்காமல் இனால்ஜுக் என்று வெறும் பெயரால் அழைத்தாராம். அந்த அவமதிப்பும் பொருளாசையும் சேர்ந்தே ஆளுநரைத் தூண்டின என்பது ஜுவைனியின் கூற்று. நஸவியின்படி, இவர்கள் வணிகர் வேடத்தில் வந்த ஒற்றர்கள் என ஆளுநர் சுல்தானுக்கு எழுதினார். ஆராய்ந்து முடிவெடுக்கும்வரை காவலில் வைக்கவே சுல்தான் இசைந்தார். ஆளுநர் வரம்பு மீறினார். இப்னுல் அஸீரோ கொலைக்கு ஆணையிட்டவர் சுல்தானே என்றும், கொள்ளைப்பொருளைப் புகாரா, ஸமர்கந்து வணிகர்களிடம் பகிர்ந்தளித்து விலையைப் பெற்றுக்கொண்டவரும் அவரே என்றும் எழுதுகிறார்.

இம்மூவரின் இருப்பிடங்களை நினைவிற்கொண்டே இம்முரண்பாட்டை எடைபோட வேண்டும். நஸவி, சுல்தானின் மகன் ஜலாலுத்தீனின் செயலாளராகப் பணியாற்றியவர். தம் தலைவரின் தந்தை மீதான பழியைக் குறைக்க அவருக்குக் காரணமுண்டு. ஜுவைனி மங்கோலியரின் கீழ் உயர்பதவி வகித்தவர். பழியைக் குவாரிஸ்ம் தரப்பில் வைப்பது அவருக்குக் கடினமன்று. மூஸிலில் வாழ்ந்த இப்னுல் அஸீர் (மறைவு ஹிஜ்ரி 630/கி.பி. 1233) இருதரப்புக்கும் கடமைப்பட்டவரல்லர். இந்நிகழ்ச்சிகளை எழுத மனம் வராமல் பல ஆண்டுகள் தயங்கியதாகத் தாமே கூறியவர். எனவே சுல்தானுக்கு முழு விடுதலை அளிக்க நம்மால் இயலவில்லை. பறித்த பொருளின் விலை எவர் கருவூலத்தைச் சேர்ந்தது என்பதே போதிய சான்று.

ஒருவர் மட்டும் தப்பினார். வெந்நீர்க் குளியலறையில் இருந்த ஒட்டகக்காரர் ஒருவர் அதன் அடுப்புவழியே வெளியேறிச் செய்தியைக் கொண்டுசென்றார் என்கிறார் ஜூஸ்ஜானி. அதன்பிறகும் வாயில் அடைபட்டுவிடவில்லை. செங்கிஸ்கான் இப்னு கஃப்ரஜ் புக்ரா என்பவரை இரு மங்கோலியருடன் தூதனுப்பினார். இவருடைய தந்தை சுல்தானின் தந்தையிடமே பணிபுரிந்தவர். இனால்ஜுக்கை ஒப்படைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. சுல்தான் தலைமைத் தூதரைக் கொன்றார். உடன்வந்தோரின் தாடியை மழித்துத் திருப்பியனுப்பினார். ஆளுநரை ஒப்படைத்திருந்தால் தாயாரின் குலத்தைச் சேர்ந்த படைத்தலைவர்கள் எதிர்த்தெழுந்திருப்பர், ஆகவே அவருக்கு வேறு வழியில்லை என்று நஸவி வாதிடுகிறார். ஒப்படைக்க இயலாமைக்கு அது விளக்கமாகலாம். தூதரைக் கொன்றதற்கு விளக்கமாகாது.

அமானின் சட்டம்

இச்செயலை இன்றைய அளவுகோலால் அளப்பதாக எவரும் நினைக்க வேண்டாம். அந்நாட்டின், அக்காலத்தின் ஃபிக்ஹ் அளவுகோலே போதுமானது. நபித்துவம் கோரிய முஸைலிமாவின் தூதர்கள் அவனையே ஏற்பதாகக் கூறியபோதும், தூதர்களைக் கொல்லலாகாது என்ற காரணத்தால் நபி (ஸல்) அவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள். இந்தச் செய்தியை அபூதாவூது பதிவு செய்துள்ளார்கள். அபயம் தேடி வரும் இணைவைப்பாளருக்கும் அபயமளித்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு ஒன்பதாம் அத்தியாயத்தில் திருக்குர்ஆன் பணிக்கிறது. இவ்வடிப்படையில் எழுந்ததே அமான் எனும் பாதுகாப்புறுதிச் சட்டம். அயல்நாட்டு வணிகரின் உயிரும் உடைமையும் அதனுள் அடங்கும்.

ஹனஃபி மத்ஹபில் இத்துறையின் மூலநூல் இமாம் முஹம்மது அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களின் 'அஸ்ஸியருல் கபீர்'. அதற்குப் பேருரை எழுதியவர் ஷம்ஸுல் அயிம்மா அஸ்ஸரக்ஸீ (ரஹ்). ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி ஃபர்கானாப் பள்ளத்தாக்கின் உஸ்ஜந்துச் சிறையில் கிடந்த அப்பெருமகனார், அங்கே மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவிக்கத் தொடங்கிய அவ்வுரையை விடுதலைக்குப்பின் மர்கினானில் நிறைவு செய்தார். உஸ்ஜந்தும் மர்கினானும் உத்ராரைப் போன்றே சைஹூன் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த நிலங்கள். வணிகர் கொலைக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஆற்றின் நாட்டில், அரசரால் ஒடுக்கப்பட்ட ஓர் அறிஞர் அரசரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுதி வைத்திருந்தார்.

'ஒற்றர்கள்' என்ற குற்றச்சாட்டு மெய்யென்றே கொண்டாலும் தீர்ப்பு மாறாது. பகைவருக்காக ஒற்றுப்பார்த்த முஸ்லிமைக் கொல்லாமல், கடுமையாகத் தண்டித்துச் சிறையிலிடுவதே ஷைபானியின் கருத்து. மக்கா வெற்றிக்கு முன் குறைஷியருக்குக் கடிதம் அனுப்பிய ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மன்னித்தது இதற்கு முன்னுதாரணம். உத்ராரில் இறந்தவர்களோ முஸ்லிம்கள், விசாரிக்கப்படாதவர்கள்.

இவ்வாறு கூறுவதால் பின்னர் நிகழ்ந்த படுகொலைகளுக்கு நாம் நியாயம் கற்பிப்பதாகக் கொள்ளலாகாது. மர்வு, நைஸாபூர் நகரங்களில் 1221இல் வெட்டி வீழ்த்தப்பட்ட மக்களுக்கு உத்ராரின் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. உத்ரார் நகரத்து மக்களுக்கேகூட இல்லை.

ஐந்து மாதங்கள்

போர் உறுதியானதும் சுல்தான் ஆலோசனை கேட்டார். படை முழுவதையும் சைஹூன் கரையில் திரட்டி, நெடும்பயணத்தால் களைத்து வரும் பகைவரை அங்கேயே எதிர்கொள்ளலாம் என்றார் ஷிஹாபுத்தீன் கீவகி எனும் ஃபகீஹ். சுல்தான் அதை ஏற்கவில்லை. படையை நகரந்தோறும் பிரித்து நிறுத்தினார். ஒன்று திரட்டினால் தாயாரின் குலத்துத் தலைவர்கள் தம்மையே கவிழ்த்துவிடுவர் என்ற அச்சமும் இதற்குக் காரணம் எனக் கருதுவோர் உளர். அந்த ஐயத்தை எதிரியும் அறிந்திருந்தார். உத்ராரின் நிர்வாக அலுவலராக இருந்த பத்ருத்தீன் அல்அமீத், தம் தந்தை உள்ளிட்ட நெருங்கிய உறவினரைச் சுல்தான் கொன்றதற்குப் பழிவாங்க மங்கோலியரிடம் சென்று சேர்ந்தார். படைத்தலைவர்கள் செங்கிஸ்கானுக்கு எழுதியவைபோல் பொய்க்கடிதங்கள் புனைந்து சுல்தானின் கையில் சிக்கச் செய்தவர் இவரே என்கிறார் நஸவி. உத்ரார் கைப்பற்றப்பட்டபோது சிந்திய இரத்தம் இப்படித் திரும்பி வந்தது.

ஹிஜ்ரி 616இல், கி.பி. 1219 இலையுதிர் காலத்தில், மங்கோலியர் உத்ராரின் முன் வந்திறங்கினர். மதிலேறிப் பார்த்த காயிர் கான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிரம்பியிருந்த குதிரைப்படையைக் கண்டு வியப்பும் கலக்கமும் மேலிடத் தம் புறங்கையைக் கடித்துக்கொண்டாராம். செங்கிஸ்கான் அங்கே தங்கவில்லை. மகன்கள் சகதாயையும் ஒகதாயையும் முற்றுகையில் நிறுத்தினார். மூத்தவர் ஜோச்சியை ஆற்றின் கீழ்த்திசையில் ஜந்து நகர்நோக்கி அனுப்பினார். ஒரு சிறுபடையைக் குஜந்துப் பக்கம் ஏவினார். தாம் இளையமகன் தூலியுடன் புகாராவுக்குப் புறப்பட்டார்.

சுல்தான் காயிர் கானுக்கு ஐம்பதாயிரம் வீரரை அளித்து, பின்னர் கராஜா ஹாஜிபின் தலைமையில் பதினாயிரம் பேரையும் அனுப்பினார் என்று ஜுவைனி கணக்குத் தருகிறார். இவ்வெண்ணை அப்படியே ஏற்பது கடினம். அகழ்வாய்வில் வெளிப்பட்ட மைய நகரின் பரப்பு ஏறக்குறைய 20 ஹெக்டேரே. வெளிப்புறக் குடியிருப்புகளைச் சேர்த்தாலும் அறுபதாயிரம் படைவீரரையும் குதிரைகளையும் குளிர்காலம் முழுவதும் அங்கே ஊட்டிக் காப்பது இயலாத காரியம். எனினும் ஒன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கோட்டை ஐந்து மாதம் நின்றது. 1220 பிப்ரவரியில் புகாரா சில நாட்களில் வாயில் திறந்தது. அதன் உட்கோட்டை மட்டும் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மார்ச்சில் ஸமர்கந்தும் சில நாட்களிலேயே வீழ்ந்தது. பெருநகரங்கள் காட்டாத உறுதியை இந்த எல்லைக்கோட்டை காட்டியது.

உறுதியின் காரணத்தையும் நாம் மறைக்கலாகாது. ஐந்தாம் மாதத்தில் உணவும் நம்பிக்கையும் தேய்ந்தபோது, சரணடையலாம் என்றார் கராஜா. காயிர் கான் மறுத்தார். இத்துணைத் துன்பத்துக்கும் மூலகாரணம் தாமே, தமக்கு மன்னிப்பு இராது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு: தலைவருக்குத் துரோகம் செய்துவிட்டு முஸ்லிம்களின் பழிச்சொல்லுக்கு என்ன விடை கூறுவது? இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கக்கூடும்.

அன்றிரவு கராஜா தம் படையுடன் ஸூஃபிகானா வாயில் வழியே வெளியேறினார். அதே வாயில் வழியே அன்றிரவே மங்கோலியர் நகருக்குள் புகுந்தனர். பிடிபட்ட கராஜாவை விசாரித்த இளவரசர்கள், இத்துணை நன்மை செய்த சொந்தத் தலைவருக்கே உண்மையாக இராதவர் தமக்கு எப்படி உண்மையாக இருப்பார் எனக் கூறி, அவரையும் தோழர்களையும் கொன்றனர். நகரமக்கள் ஆடவர் பெண்டிர் என்ற வேறுபாடின்றி மந்தைபோல் வெளியே ஓட்டப்பட, வீடுகள் சூறையாடப்பட்டன.

காயிர் கான் உட்கோட்டைக்குள் புகுந்து மேலும் ஒரு மாதம் போரிட்டார். இருபதாயிரம் பேர் ஐம்பது ஐம்பதாக வெளிவந்து மடிந்தனர் என்ற ஜுவைனியின் கூற்றைக் கணக்கிட்டால், நாளொன்றுக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் வாயில் திறந்திருக்க வேண்டும்! எண்ணிக்கையை விட்டுவிடலாம், முடிவு நம்பத்தக்கதாகவே உள்ளது. இறுதியில் இரண்டு தோழர்கள் மட்டும் எஞ்சினர். அவர்களும் வீழ்ந்தபின் அவர் மாடித்தளத்தில் ஏறினார். அம்புகள் தீர்ந்தன. அங்கிருந்த இளம்பெண்கள் சுவரிலிருந்து செங்கற்களைப் பெயர்த்துக் கொடுக்க, அவற்றை எறிந்தார். செங்கற்களும் தீர்ந்தன. உயிரோடு பிடிக்குமாறு ஆணை இருந்ததால் சூழ்ந்து பிடித்துச் சங்கிலியிட்டனர்.

அந்தப் பெண்களின் பெயர்களை எந்த நூலாசிரியரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுக்கு நேர்ந்ததையும் எழுதவில்லை.

ஸமர்கந்துக்கு அருகே கோக் ஸராய் என்னுமிடத்தில் காயிர் கான் கொல்லப்பட்டார். வெள்ளியை உருக்கி அவர் கண்ணிலும் காதிலும் ஊற்றினர் என்கிறார் நஸவி. பொருளாசைக்கு ஏற்ற தண்டனை எனக் கேட்போர் மனநிறைவடையும் வகையில் அமைந்த இச்செய்தி ஜுவைனியிடம் இல்லை. கொல்லப்பட்டார் என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். மங்கோலியரின் 'இரகசிய வரலாறு' இவரைப் பெயரிட்டுக்கூடக் கூறவில்லை. தம் தூதர் நூறுபேர் கொல்லப்பட்டதையும், அதனால் பொற்கயிறு அறுந்ததையுமே அது நினைவுகூர்கிறது. அறுந்தது எது என்பதில் அவர்களது நூலும் நம் ஃபிக்ஹ் நூல்களும் வேறுபடவில்லை.

மண்மேடு

உட்கோட்டையும் மதிலும் தரைமட்டமாக்கப்பட்டன. எஞ்சிய கைவினைஞர்களை மங்கோலியர் ஓட்டிச் சென்றனர். ஆனால் உத்ரார் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒரு தலைமுறைக்குள் நகரம் மீண்டெழுந்தது. அதன் நாணயசாலை மீண்டும் இயங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் பெகொலோத்தி என்ற இத்தாலியர் எழுதிய வணிகர் கைநூல், சீனம் செல்வோர் கடக்க வேண்டிய ஊர்களுள் ஒன்றாக உத்ராரைக் குறிக்கிறது. எந்த வணிகத்தை முன்னிட்டு அது அழிந்ததோ அந்த வணிகமே அதை எழுப்பியது. சீனத்தின்மீது படையெடுத்துச் சென்ற தைமூர் 1405 பிப்ரவரியில் நோயுற்று இறந்ததும் உத்ராரில்தான். பதினெட்டாம் நூற்றாண்டளவில், ஸுங்கர்களின் தாக்குதல்களாலும் பாசனக் கால்வாய்கள் பாழ்பட்டதாலும் மக்கள் நகரைவிட்டு அகன்றனர்.

இன்று அங்கிருப்பது புல்முளைத்த பெரியதொரு மண்மேடு. கஸக்ஸ்தானின் தொல்லியலாளர் 1970களிலிருந்து நடத்திய அகழ்வில் தெருக்களும் குளியல் மாளிகைகளும் குயவர் சூளைகளும் பள்ளிவாசலின் அடித்தளமும் வெளிப்பட்டன. சுடாத மண்கல்லால் ஆன சுவர்கள் மழையில் கரையத் தொடங்கவே, 2000களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவின் துணையுடன் பாதுகாப்புப் பணிகள் நடைபெற்றன. சற்றுத் தொலைவில், கோஜா அஹ்மது யஸவி (ரஹ்) அவர்களின் ஆசான் எனக் கூறப்படும் அர்ஸ்லான் பாபின் அடக்கத்தலம் உள்ளது. துர்கிஸ்தான் நகரில் யஸவியின் தலத்துக்குச் செல்வோர் முதலில் இங்கு வருவதே வழக்கம். வருவோரில் சிலர் திரும்பும் வழியில் அந்த மேட்டின்மீதும் ஏறி, சுவர்த் தடங்களுக்கிடையே சிறிது நேரம் நின்றுவிட்டுச் செல்கின்றனர்.